நாணயத்தில் தெரியும் கோடு: அச்சு வெடிப்பா, ஏடு பெயர்ந்ததா?

இலங்கை மலையகத்து வீடுகளில் பாட்டிமாரின் தகரப் பெட்டிகளைத் திறந்தால், தாளிப்பனை பொறித்த விக்டோரியா காலத்து ஒரு சதம், அரைச் சதச் செப்புக் காசுகளும், காசுமாலையில் கோத்திருந்த இந்திய வெள்ளி ரூபாய்களும் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு கோடு தெரிந்ததும் அபூர்வம் என்று விலை பேசுவோரும், பழுது என்று ஒதுக்குவோரும் உண்டு. கோடு எவ்வாறு உண்டானது என்பதை அறியாமல் இரண்டையும் செய்யலாகாது.

அச்சு வெடிப்பு என்பது நாணயத்தின் குறையன்று. அதை அடித்த எஃகு அச்சின் குறை. ஓயாத அழுத்தத்தால் அச்சில் பிளவு விழும்போது, அடிபடும் உலோகம் அப்பிளவுக்குள் புகுந்துவிடுவதால், அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாகப் பதிகிறது. ஏடு பெயர்தலோ உலோகத்தின் குறை. உருக்கி வார்க்கும்போது கலந்த மாசு, சிக்கிய வாயு, சரியாகக் கலவாத உலோகம் ஆகியவற்றால் தகட்டின் மேற்பரப்பு பாலாடைபோலப் பிரிந்து, உரிந்து விழுகிறது. 1942 முதல் 1945 வரை அமெரிக்கா வெளியிட்ட, செம்பும் வெள்ளியும் மாங்கனீசும் கலந்த போர்க்கால ஐந்து சென்ட் நாணயங்களில் இக்குறை மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம் அந்தக் கலவையே.

ஆகவே முதற்கேள்வி, கோடு மேடா பள்ளமா என்பதே. நுவரெலியாவின் மூடுபனி நாளில் சன்னல் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி விழுவதால் மேடுபள்ளத்தைக் காட்டாது. மேசை விளக்கைத் தாழ்த்தி, ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி வைத்து, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பார்க்க வேண்டும். கண் எளிதில் ஏமாறும் என்பதால், அருகிலுள்ள எழுத்தைத் துணைக்கொள்ளுங்கள். எழுத்து மேடு என்பது நமக்குத் தெரியும்; அதன் நிழல் விழும் பக்கத்திலேயே கோட்டின் நிழலும் விழுந்தால் கோடும் மேடு, எதிர்ப்பக்கம் விழுந்தால் பள்ளம்.

அடுத்து, கோடு எழுத்தைச் சந்திக்கும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். உண்மை பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும். வெடிப்பின் கோடு நூலிழைபோல ஒழுங்கற்று வளைந்து, பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்லும். எழுத்துக்குச் சேதம் இராது. ஏடு அச்சடித்த பின் விழுந்திருந்தால், எழுத்தின் ஒரு பகுதியும் அதனோடு போயிருக்கும். அடிக்குமுன்பே விழுந்திருந்தால், பள்ளத்துக்குள்ளும் எழுத்து மங்கலாகப் பதிந்திருக்கும். பள்ளத்தின் தரை சொரசொரப்பாகவோ, ஒரே திசையில் ஓடும் வரிகளுடனோ காணப்படும்.

சிக்கல் தருவது, பெயர்ந்தும் விழாமல் ஒட்டியிருக்கும் ஏடு. அதன் ஓரம் சற்றே தூக்கி நிற்பதால் மேட்டுக் கோடாகத் தோன்றும். நாணயத்தைச் சுழற்றிப் பாருங்கள்: வெடிப்புக் கோட்டுக்கு இரு பக்கமும் சரிவு உண்டு, ஏட்டின் ஓரத்துக்கு ஒரு பக்கம் படி, மறுபக்கம் சமதளம். மேட்டுக் கோடு பச்சையாகவோ பொருபொருவென்றோ இருந்தால் அது ஈரத்தில் வளர்ந்த களிம்பாகலாம். மாலையில் கோத்த காசானால், வளையம் ஒட்ட உருக்கி வைத்த பற்றாசின் மிச்சமாகவும் இருக்கலாம்.

விளிம்போரம் உருவமற்ற பெரிய மேடு இருப்பின், அச்சின் துண்டே உடைந்து விழுந்திருக்கிறது. மறுபக்கத்தில் அதே இடத்து வேலைப்பாடு மங்கியிருந்தால் ஐயம் தீரும்.

எடையை நம்பித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், 11.66 கிராம் இருக்க வேண்டிய வெள்ளி ரூபாய் தேய்மானத்தாலும் குறையும். அதைவிட உறுதியான சாட்சி, அதே ஆண்டின் இன்னொரு காசு. ஓர் அச்சு பல காசுகளை அடிப்பதால், அதே இடத்தில் அதே கோடு மற்றொன்றிலும் இருந்தால், அது சிறிதாகவோ நீண்டோ இருப்பினும் வெடிப்பே. ஏடு பெயர்ந்த வடு இரு காசுகளில் ஒன்றுபோல் அமையாது. ஒப்பிடும்வரை, ஒட்டியிருக்கும் ஏட்டை நகத்தால் நெம்பாமல், காசைத் துலக்காமல், ஈரம் புகாத உறையில் வையுங்கள்.