வீட்டுக்குள் மல்லிகை: கொடி நீள்கிறது, பூ எங்கே?

வீட்டுக்குள் தொட்டியில் வைத்த மல்லிகை பல சமயம் சாவதில்லை, பூக்காமல் நின்றுவிடுகிறது. கொடி ஓடும், இலை தழைக்கும், மொட்டு மட்டும் வராது. உடனே உரம் வாங்க ஓடுகிறார்கள். தழைச்சத்து மிகுந்த உரம் இன்னும் இலையைத்தான் தள்ளும்.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் அறை, செடிக்கு அரை இருட்டு. குண்டுமல்லிக்கு நாளுக்கு 4 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். 6 மணி கிடைத்தால் இன்னும் நல்லது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து ஜன்னல் பக்கம் சாய்கிறதா? வெயில் போதவில்லை என்று பொருள்.

அடுத்தது கத்தரிக்கப் பயப்படுவது. குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும், ஒவ்வொரு கிளையையும் ஓர் இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்த ஜோடியின் இரு கக்கங்களிலிருந்தும், அதாவது இலை தண்டோடு சேரும் இடங்களிலிருந்தும், துளிர் கிளம்பும். பூக்கும் நுனி இரண்டாகும். ஆனால் இளஞ்சிவப்பு மொட்டுகளைக் கொத்துக்கொத்தாக வைக்கும் பாலியாந்தம் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது முந்தைய பருவத்தில் வளர்ந்த தண்டில்தான் மொட்டு வைக்கும் என்பதால், பூ முடிந்த கையோடு வெட்டிவிட வேண்டும். தாமதித்தால் அடுத்த பருவத்து மொட்டுகளும் சேர்ந்து போய்விடும். மொட்டு வைப்பதற்கு முன் சில வாரங்கள் குளிர்ந்த இரவுகளும் அதற்குத் தேவை. கதகதப்பான அறையிலேயே வைத்துக்கொண்டு அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

இலை மஞ்சளானால் தண்ணீர் ஊற்றுவது பலரின் பழக்கம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்; தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாகவே இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. உப்புநீரால் மண் காரத்தன்மை அடைந்தாலும் இப்படி ஆகும்.

சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் நடுவதும் வேண்டாத வேலை. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி வேரழுகல் வரும். மொட்டு விட்ட செடியை இடம் மாற்றாதீர்கள், உதிர்த்துவிடும்.

இலையில் ஊசி குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள் தெரிந்தால், அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தாளில் விழும் தூசி நகர்ந்தால் அது சிலந்திப்பேன். வறண்ட காற்றில் வேகமாகப் பெருகும். மருந்தடிப்பதற்கு முன் குழாயடிக்குக் கொண்டுபோய் இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள், சில நாள் இடைவெளியில் மறுபடியும்.