சந்தேகக் கோப்புகளைத் திறக்க ஒரு மெய்நிகர் கணினி: வெர்ச்சுவல்பாக்ஸ் அமைப்புகள்

டர்பனில், சாட்ஸ்வர்த்தில் தையற்கடை நடத்தும் அக்கா ஒருவர், மின்னஞ்சலில் வந்த விலைச்சீட்டு ஒன்றைத் திறக்கலாமா என்று கேட்டார். அன்றுதான் அப்படிப்பட்ட கோப்புகளுக்கென்றே, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான வெர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெய்நிகர் கணினியை ஒதுக்கினேன். அதில் லினக்ஸை நிறுவுவது வரை உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு, பிறகு செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

முதலில் மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறவுங்கள். 'ஜெனரல்' பிரிவில், உள்ளுக்கும் வெளிக்கும் நகலெடுத்து ஒட்டவும் இழுத்துப் போடவும் உதவும் 'ஷேர்டு கிளிப்போர்டு', 'டிராக் அண்ட் டிராப்' ஆகிய இரண்டும் 'டிஸேபிள்டு' என்றே இருக்க வேண்டும். அடுத்து, 'சிஸ்டம்' பிரிவில் சுட்டியை 'பி.எஸ்.2 மவுஸ்' என்று மாற்றிய பிறகு, 'யு.எஸ்.பி.' பிரிவில் உள்ள தேர்வை நீக்குங்கள். உள்ளே சிக்கும் சுட்டியை வெளியே கொண்டுவர, வலது கண்ட்ரோல் விசையை அழுத்தினால் போதும்.

இனி நான் தவறிய இடம். 'நெட்வொர்க்' பிரிவில் முதலிலேயே இருக்கும் 'நாட்' (NAT, நம் கணினி வழியே வலையமைப்பில் சேரும் முறை) என்ற தேர்வு, வெளியிலிருந்து உள்ளே வருவதைத்தான் தடுக்கிறது. உள்ளிருந்து வெளியே போவதைத் தடுப்பதில்லை. அது முழுத் தடுப்பு என்று நம்பியிருந்த நான், ஒருநாள் மெய்நிகர் கணினியின் உலாவியில் எங்கள் வீட்டு ரவுட்டரின் முகவரியை இட்டுப் பார்த்தபோது, அதன் நுழைவுப் பக்கம் அப்படியே திறந்தது. ஆகவே 'நாட் அட்டாச்டு' (Not attached) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் ஒலியில் ஒன்றுபோல இருந்தாலும், இதன் பொருள் எந்த வலையமைப்பிலும் இணைக்கப்படவில்லை என்பதே. பிறகு அதே முகவரியை இட்டு, பக்கம் திறக்கவில்லை என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.

கோப்பை உள்ளே அனுப்பப் பலரும் 'ஷேர்டு ஃபோல்டர்' (இரு கணினிகளும் பகிரும் கோப்புறை) வைக்கிறார்கள். நான் அதை விரும்புவதில்லை. கோப்பை ஓர் ஐ.எஸ்.ஓ. வட்டாக்கி (குறுந்தகட்டைப் போன்ற ஒரே கோப்பாக்கி), 'ஸ்டோரேஜ்' பிரிவில் உள்ள குறுந்தகடு இயக்கியில் செருகினால், உள்ளே இருப்பவற்றால் அதைப் படிக்க முடியுமே தவிர, அதில் எதையும் எழுத முடியாது.

இவ்வளவும் முடிந்து, கணினி அணைந்திருக்கும் நிலையிலேயே ஒரு 'ஸ்னாப்ஷாட்' (மெய்நிகர் கணினியின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுங்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் அந்த நிலைக்கே திரும்புங்கள். மின்வெட்டு நேரத்தில் நடுவில் அணைந்து மெய்நிகர் வட்டு பழுதானாலும் இதுவே கைகொடுக்கும்.

பிற்சேர்க்கை: ஷேர்டு ஃபோல்டரையே பயன்படுத்திவந்த ஃபீனிக்ஸ் வாசகர் ஒருவர், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியும் அதில் இருந்த கோப்புகள் பழையபடி வரவில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கோப்புறை நம் சொந்த வட்டில் இருப்பதால் ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது. அதை வைத்தே தீர வேண்டுமென்றால், 'ரீட் ஒன்லி' என்று குறித்து வையுங்கள். மெய்நிகர் கணினிக்குள் நிறுவும் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவாததால் கிளிப்போர்டு வேலை செய்யாது என்றும் இருந்துவிடாதீர்கள். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் போன்ற லினக்ஸ் வகைகளில் அந்த மென்பொருள் முன்பே சேர்ந்து வருகிறது.