மூழ்கிய கப்பல்களுக்கு ஒரு கூட்டுத் தரவுத்தளம்: முக்குளிப்பவர்கள் தொடங்குவது எப்படி?

டி ரூய்ட்டர், ஜாவா என்ற இரண்டு டச்சுப் போர்க்கப்பல்கள் 1942 பிப்ரவரி இறுதியில் ஜாவாக் கடல் போரில் மூழ்கின. முக்குளிப்பைத் தொழிலாகக் கொள்ளாத ஓர் ஆர்வலர் குழு 2002இல் அவற்றைக் கண்டுபிடித்தது. 2016இல் மறுபடியும் போய்ப் பார்த்தபோது கப்பல்களைக் காணோம். அவை கிடந்த தடம் மட்டும் கடலடியில் இருந்தது. நூற்றுக்கணக்கான மாலுமிகளின் கல்லறையை யாரோ பழைய இரும்புக்காக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இடைப்பட்ட ஆண்டுகளில் யார் யார் அங்கே இறங்கினார்கள், அப்போது கப்பல் எப்படி இருந்தது என்று ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தால், திருட்டு எப்போது தொடங்கியது என்பதையாவது நெருக்கிச் சொல்லியிருக்கலாம். மூழ்கிய கப்பல்களுக்குத் தரவுத்தளம் வேண்டும் என்று நான் சொல்லும்போது இதைத்தான் நினைக்கிறேன். 'எங்கே இருக்கிறது' என்ற பட்டியல் போதாது. 'யார், எப்போது, என்ன பார்த்தார்' என்ற பதிவு வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து வார இறுதியில் தியோமான், ஆவுர், அனம்பாஸ் தீவுகள் பக்கம் முக்குளிக்கப் போகிற தமிழ் நண்பர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கணினிப் படிப்பு தேவையில்லை. கூகல் ஷீட் திறக்கத் தெரிந்தால் போதும்.

1. எல்லை போடுங்கள்

உலகக் கடல் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூர் நீரிணை, ஜோகூர், பாகாங் மாநிலங்களின் கிழக்குக் கரை, அனம்பாஸ் தீவுகள். தொடங்க இவ்வளவு போதும். உங்கள் குழு உண்மையில் போய்ப் பார்க்கக்கூடிய பகுதியாக இருக்க வேண்டும்.

முக்குளிக்க முடியாத கப்பல்களையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சேர்க்கலாம். 1942 பிப்ரவரி 5ஆம் தேதி, படைவீரர்களை ஏற்றிவந்த எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா கப்பல் சுல்தான் ஷோல் கலங்கரை விளக்கத்துக்கு அருகே ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டது. அது நம் வாசலில் நடந்த வரலாறு. ஆனால் துறைமுகக் கடற்பகுதியில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. கடல்துறை, துறைமுக ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன. அதனால் 'முக்குளிக்க அனுமதி உண்டா' என்று ஒரு பத்தியை, அதாவது ஷீட்டில் மேலிருந்து கீழாக இறங்கும் கட்ட வரிசையை, முதலிலேயே போட்டுவிடுங்கள்.

2. ஒரே தாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள்

புதியவர்கள் வழக்கமாக ஒரே ஷீட்டைத் திறந்து, ஒரு கப்பலுக்கு ஒரு வரிசை என்று எழுத ஆரம்பிப்பார்கள். அடுத்த ஆண்டு இன்னொருவர் அதே கப்பலுக்குப் போய்வருவார். பழைய ஆழத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார். பழைய தகவல் போயே போய்விடும். டி ரூய்ட்டருக்கு நமக்கு இல்லாமல் போனது அந்தப் பழைய தகவல்தான்.

எனவே ஒரே கோப்புக்குள் இரண்டு தாள்கள் வையுங்கள். முதல் தாளின் பெயர் 'கப்பல்'. இதில் ஒரு கப்பலுக்கு ஒரே வரிசை: அடையாள எண், பெயர், வேறு பெயர்கள், வகை, மூழ்கிய ஆண்டு, மூழ்கிய காரணம், அனுமதி நிலை. இரண்டாவது தாள் 'பார்வை'. ஒவ்வொரு முறை யாராவது இறங்கி ஏறும்போதும் இதில் ஒரு புதிய வரிசை சேரும். இந்தத் தாளில் எதையும் அழிப்பதில்லை, திருத்துவதுமில்லை. ஒரு பதிவு தவறு என்று தெரிந்தால் 'இது தவறு, காரணம் இது' என்று புது வரிசை எழுதுங்கள்.

இரண்டையும் இணைப்பது அடையாள எண். 'கப்-001', 'கப்-002' என்று கொடுத்துக்கொண்டே போகலாம். பெயரையே அடையாளமாக வைத்தால் சிக்கல்தான். மீனவர்கள் ஒரு பெயர் சொல்வார்கள், படகுக்காரர் வேறொன்று சொல்வார், ஆவணத்தில் மூன்றாவது பெயர் இருக்கும். பெயரே தெரியாத கப்பல்களும் உண்டு. சிங்கப்பூருக்குக் கிழக்கே உள்ள பெட்ரா பிராங்கா பாறைத் தீவுக்கு அருகே இரண்டு பழங்கப்பல்கள் கிடைத்ததைத் தேசிய மரபுடைமைக் கழகமும் ஐசியஸ் – யூசோஃப் இஷாக் கழகமும் 2021இல் அறிவித்தன. ஒன்று 1796இல் மூழ்கிய ஷா முன்ச்சர், இந்தியாவில் கட்டப்பட்ட வணிகக் கப்பல். மற்றது 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சீனப் பீங்கான்களோடு கிடந்த அதற்குப் பெயர் கிடையாது.

தேதிக்கும் இதே கதைதான். 14ஆம் நூற்றாண்டு என்பதை நாள், மாதம் என்று எழுத முடியாது. போதாததற்கு, எக்செல் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது. கப்பல் மூழ்கிய ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்திகளாக வையுங்கள். தெரியாததை வெறுமையாக விடுங்கள். பூஜ்யம் போடாதீர்கள்.

3. 'பார்வை' வரிசை எப்படி இருக்கும்?

ஒரு மாதிரி பாருங்கள். இது நானே அமைத்த உதாரணம்:

கப்-004 | 2024-06-15, காலை 10.20 | பார்த்தவர்: உறுப்பினர் 12 | கப்பலின் உச்சி 24 மீ | கடல் தரை 38 மீ | தெளிவு 6 மீ | வலப்பக்க புரொப்பெல்லர் இருக்கிறது, நான்கு இதழ் | இடப்பக்க புரொப்பெல்லர் தெரியவில்லை, மணல் மூடியிருக்கிறது | முன்பகுதியில் மீன்வலை சிக்கியிருக்கிறது | படம் 3

இதில் சிலவற்றைக் கவனியுங்கள். ஆழம் இரண்டு இடத்தில் இருக்கிறது. உச்சி 24, தரை 38 என்றால், முப்பது மீட்டர் வரைதான் இறங்கலாம் என்ற சான்றிதழ் வைத்திருப்பவரும் மேல்பகுதியைப் பார்த்துவரலாம். 'ஆழம் 38' என்று மட்டும் எழுதினால் அவர் வரவே மாட்டார். 'ஆழம் 24' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் மோசம். அனுபவமில்லாதவர் தரை வரை போய்விடுவார்.

நேரத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். நம் வட்டாரத்தில் ஓதத்தால் நீர்மட்டம் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கக்கூடும். ஒருவர் 24 என்பார், இன்னொருவர் 26 என்பார், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் ஆழமாகக் காட்டியதை அப்படியே எழுதுங்கள். தேதியும் நேரமும் இருந்தால் ஓத அட்டவணையை வைத்துப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

'தெரியவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. புரொப்பெல்லர் வெண்கலம், திருடர்கள் முதலில் தேடுவது அதைத்தான். மணல் மூடியிருக்கிறதா, அறுத்த தடம் தெரிகிறதா என்பதை எழுதினால் அந்த ஒரு வரியே நாளைக்குச் சான்றாகும். இடம், வலம் என்பதை எப்போதும் கப்பலின் முன்புறம் நோக்கி நிற்பவரின் கணக்கில் சொல்லுங்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் போல ஒரு கப்பல் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தால், நம் கண்ணுக்கு இடம் வலமாகிவிடும்.

4. அட்சரேகை, தீர்க்கரேகை: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதுகிறார்கள். பாகை-கலை-விகலை (டிகிரி-நிமிடம்-விநாடி), பாகையும் தசமக் கலையும், வெறும் தசமப் பாகை. படகுக்காரரின் ஜிபிஎஸ் பெரும்பாலும் இரண்டாவது வகை. இணைய வரைபடங்களுக்கு வேண்டியது மூன்றாவது.

3° 33′ 36″ என்று வைத்துக்கொள்வோம். இதை அவசரத்தில் ஒருவர் 3° 33.36′ என்று எழுதிவிடுகிறார். பார்க்க ஒன்று போலவே இருக்கிறது. ஆனால் 36 விகலை என்பது 0.6 கலை, சரியான எண் 33.60. வித்தியாசம் 0.24 கலை. அட்சரேகையில் ஒரு கலை 1852 மீட்டர். ஆக, சுமார் 444 மீட்டர் தள்ளிப்போய்விட்டோம். ஆறு மீட்டர் தெளிவுள்ள தண்ணீரில் அந்தக் கப்பலைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். படகில் கண்டதை மாற்றாமல், 'கண்டபடி' என்ற பத்தியில் எழுதுங்கள். பக்கத்துப் பத்தியில் ஷீட்டே தசமப் பாகையாக மாற்றட்டும்: பாகை + கலை ÷ 60 + விகலை ÷ 3600. நாளைக்குச் சந்தேகம் வந்தால் மூலம் கையில் இருக்கும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அதுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம்.

அடுத்து, டேட்டம், அதாவது வரைபடத்தின் எண்களை எந்த அடிப்படையிலிருந்து அளக்கிறார்கள் என்பது. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. மலாயாவின் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் என்ற வேறு அடிப்படையில் வரையப்பட்டவை. ஒன்றின் எண்ணை மற்றதில் குறித்தால் இருநூறு மீட்டர் அளவுக்கு விலகக்கூடும். பழைய வரைபடத்திலிருந்து எடுத்த எண் என்றால் அதையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. தண்ணீருக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது. நாம் குறிப்பது படகு நிற்கும் இடத்தை. நீரோட்டம் இருந்தால் கப்பலில் கட்டிய மிதவைக் கயிறு சாய்ந்து, மிதவை ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம் இருக்கும். எண் படகில் எடுத்ததா, மிதவைக்கு நேர் மேலே எடுத்ததா என்று இரண்டு சொல் எழுதினால் போதும்.

அப்புறம், எண்கள் இடம் மாறுவது. நம் பகுதியில் இதைப் பிடிப்பது சுலபம். தீர்க்கரேகை நூறுக்கு மேல் இருக்கும். அட்சரேகையோ எங்கேயும் 90ஐத் தாண்டாது. ஷீட்டில் டேட்டா வேலிடேஷன் என்ற வசதியில் அட்சரேகைக்கு 0 முதல் 8 வரை, தீர்க்கரேகைக்கு 102 முதல் 108 வரை என்று வரம்பு போடுங்கள். தவறானதை நிராகரிக்கும்படி அமைத்தால், ஷீட்டில் நேரடியாக மாற்றி எழுதும் எண்ணை அது ஏற்காது.

5. படிவம்

எல்லோருக்கும் ஷீட்டைத் திருத்தும் உரிமை கொடுக்காதீர்கள். கூகல் ஃபார்ம் ஒன்று செய்து இதே கோப்போடு இணைத்து, அதன் பதில்கள் சேரும் தாளையே 'பார்வை' தாளாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில், கரை திரும்பும் படகிலேயே நிரப்பக்கூடிய அளவில் கேள்விகள் இருக்கட்டும். கப்பலின் பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்தால் மலேசிய நண்பர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

6. மழைக்கால வேலை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. கிழக்குக் கரைப் பக்கம் முக்குளிப்புப் படகுகள் பெரும்பாலும் போகாது. ஆவணம் தேட அதுதான் நல்ல நேரம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன, தமிழ் முரசு உட்பட. வீட்டிலிருந்தே தேடலாம். கப்பல் மூழ்கிய வாரத்துச் செய்திகளையும், அதற்கு அடுத்த மாதங்களில் நடந்த விசாரணைச் செய்திகளையும் பாருங்கள். முதல் நாள் செய்தியில் இடம் தோராயமாகத்தான் இருக்கும்.

'கப்பல்' தாளில் எழுதும் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூலம் எழுதுங்கள். 'படகுக்காரர் சொன்னார்' என்பதும் மூலம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதோடு உறுதி, ஓரளவு, கேள்விப்பட்டது என்று மூன்று நிலைகளில் ஒன்றைக் குறியுங்கள். ஓர் இரும்புக் குவியலுக்கு ஒரு புகழ்பெற்ற கப்பலின் பெயரைச் சூட்டிவிட எல்லோருக்கும் ஆசை இருக்கும். நீளம், பாய்லர், புரொப்பெல்லர் இதழ்களின் எண்ணிக்கை ஆகியவை ஆவணத்தோடு பொருந்தும் வரை 'உறுதி' போடக்கூடாது.

7. யாருக்கு எவ்வளவு காட்டுவது?

இதற்கு நேரம் ஒதுக்கிக் குழுவாகப் பேசி முடிவெடுங்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, 1941 டிசம்பர் 10ஆம் தேதி குவாந்தானுக்கு அப்பால் மூழ்கின. இறந்தவர்கள் 840 பேர். பிரிட்டிஷ் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள். ஆனாலும் அவற்றிலிருந்து இரும்பு அறுத்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் மலேசிய அதிகாரிகள் தடுத்துவைத்த ஒரு கப்பலில் பழைய பீரங்கிக் குண்டுகள் கிடைத்தன.

நம் தரவுத்தளம் திருடர்களுக்கு வழிகாட்டியாகிவிடக்கூடாது. முழுவதும் மூடிவைத்தாலும் பயனில்லை. நான் பரிந்துரைப்பது இது: பலரும் போய்வரும் சாதாரண சரக்குக் கப்பல்களுக்குத் துல்லியமான இடம் எல்லோருக்கும் தெரியட்டும். போர்க்கல்லறைகளுக்கும், பீங்கான் போன்ற பழம்பொருள் உள்ள இடங்களுக்கும், புதிதாகக் கண்டுபிடித்தவற்றுக்கும் ஒரு தசம இலக்கம் வரை மட்டும் காட்டுங்கள். ரவுண்ட் ஃபார்முலா அதைச் செய்துவிடும். ஒரு தசம இலக்கம் என்றால் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் கட்டம்.

துல்லியமான பத்தியை 'ஹைட்' செய்துவிட்டு அதே ஷீட்டைப் பகிராதீர்கள். மறைத்த பத்தியைப் பார்க்க வழிகள் உண்டு. பொதுமக்களுக்கு வேறொரு கோப்பு உருவாக்கி, காட்ட வேண்டிய பத்திகளை மட்டும் இம்போர்ட்ரேஞ்ச் ஃபார்முலாவால் கொண்டுவாருங்கள். அந்தக் கோப்பில் வெளியாருக்குப் பார்க்கும் உரிமை மட்டுமே. திருத்தும் உரிமை கொடுத்தால், அவர் அதே ஃபார்முலாவை வைத்து மூலக் கோப்பின் மற்ற பகுதிகளையும் இழுத்துவிட முடியும்.

படங்களையும் கவனியுங்கள். படகில் கைப்பேசியால் எடுத்த படத்துக்குள் ஜிபிஎஸ் எண் ஒட்டியிருக்கலாம். பின்னணியில் படகின் திரை தெரிந்தாலும் அதே கதைதான். ஏற்றுவதற்கு முன் இரண்டையும் பாருங்கள்.

கப்பலிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்ற விதியைப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். எடுத்துவந்த பொருளின் படத்தோடு பதிவு வந்தால் வெளியிடாதீர்கள்.

8. வரைபடம், நகல், உரிமம்

இணையத்தில் நம் வரைபடத்தை அமைக்க உதவும் யூமேப் இலவசம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் மேல் இயங்குகிறது. பொதுக் கோப்பை சிஎஸ்வியாக (எளிய எழுத்து வடிவக் கோப்பாக) இறக்கி அதில் ஏற்றினால் புள்ளிகள் விழுந்துவிடும். பின்னாளில் வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறினால், அதில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விற்பனைக்கு வரும் கடல் வரைபடங்களிலிருந்து புள்ளிகளை நகலெடுத்துச் சேர்க்காதீர்கள், அவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. உங்கள் சொந்தப் பதிவுகளுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, படிவத்திலேயே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நூறு பேர் பதிவு செய்த பிறகு ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கேட்க முடியாது.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக சிஎஸ்வியாக இறக்கி, கூகலுக்கு வெளியே இரண்டு பேரிடம் வையுங்கள். பொறுப்பாளர்கள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது வேறு படகில் போகிறவராக இருக்கட்டும். ஒருவர் வேலை மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டாலும் கடவுச்சொல் மற்ற இருவரிடம் இருக்கும்.