ஏசி ஃபேன் நின்றதும் மோட்டாரை மாற்றாதீர்கள்

காரில் ஏசிக்கும் ஹீட்டருக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே ஃபேன்தான். ஒர்க்‌ஷாப்பில் ப்ளோவர் என்பார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் அது க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அது நின்றுபோனால் வேர்த்துக் கொட்டுவதோடு முடியாது; மழை பெய்யும்போது முன் கண்ணாடியில் படியும் ஆவி போகாது, எதிரே வரும் லாரி தெரியாது. அதனால் உடனே சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த அவசரத்தில்தான் நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போகின்றன.

முதல் தவறு, ஃபேன் எப்படி நின்றது என்று பார்க்காமலே ஒர்க்‌ஷாப்புக்குப் போவது. குமிழை 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். 4-இல் மட்டும் ஓடி மற்றதில் ஓடவில்லை என்றால் மோட்டார் செத்துவிடவில்லை, போனது பெரும்பாலும் ரெசிஸ்டர், அதாவது கரண்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் சின்னப் பொருள். குறைந்த வேகங்களில் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும், 4-இல் அதைத் தொடாமல் நேராகப் போகும், அவ்வளவுதான். எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (கரண்ட்டைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்), குமிழின் சுவிட்ச், கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி), எர்த் எல்லாவற்றையும் பார்த்த பிறகே மோட்டார்.

ரெசிஸ்டரை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. நானும் அதைச் செய்திருக்கிறேன். புதிது போட்டு 2 மாதத்தில் மறுபடி போனது. டூப்ளிகேட் பொருள் என்று சொல்லி இன்னொன்று போட்டார்கள், அதுவும் போனது. மூன்றாவது முறை ஒரு வயதான எலக்ட்ரீஷியன் ப்ளோவரைக் கழற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டார். இலேசாகச் சுற்ற வேண்டியது அரைச் சுற்றிலேயே நின்றது. உள்ளே வேப்பிலைச் சருகு, மண், துருப்பிடித்த புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்). இறுகிப்போன மோட்டார் அதிக கரண்ட்டை இழுக்கும், அந்தச் சூடு முழுக்க ரெசிஸ்டர் தலையில் விழும். அதோடு, ரெசிஸ்டரைக் குளிர வைப்பதே ப்ளோவர் காற்றுதான். கேபின் ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்தாலும் அது வெந்துபோகும். ஆகவே ரெசிஸ்டர் போனால் ஃபில்டரையும் மோட்டாரையும் சேர்த்துப் பாருங்கள்.

கப்ளரைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் உலோகப் பின்களையும் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பழுப்பாகி, இளகி வழிந்திருந்தால் அங்கேதான் கோளாறு. அதை விட்டுவிட்டுப் புது மோட்டார் போட்டால் அதே கப்ளர் மறுபடி உருகும்.

மல்டிமீட்டரை மட்டும் நம்புவதும் ஏமாற்றும். கருகிய பின்னிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் பெயருக்குத்தான் கரண்ட் இழுக்கும். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை, மோட்டாரிலிருந்து கழற்றிய கப்ளரின் இரண்டு பின்னுக்கும் குறுக்கே கொடுத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ பிடிப்பு சரியில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். ஒரு முனையை பாடியில் வைத்துப் பார்த்தால் எர்த் அறுந்திருப்பது தெரியாமலே போய்விடும். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியில் ரெசிஸ்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். அங்கே இந்தக் கைவேலை வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? 30 ஆம்பியர் இருந்த இடத்தில் 40 போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஃபியூஸ் போகாது, சரி. அதற்குப் பதில் டாஷ்போர்டுக்குள் வயர் பற்றிக்கொள்ளும்.

அப்புறம், ஃபேன் நிற்காமலே நின்றதாக நினைக்கும் ஒரு சங்கதி. நெடுந்தூரப் பயணத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் நன்றாக வந்த காற்று மெல்லக் குறைந்து நின்றுவிடும், ஆனால் ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது கூலிங் காயிலில் ஐஸ் கட்டியது. ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பினால் மோட்டாரைத் தொடவே வேண்டாம். கேஸ் அளவு, ஃபில்டர், சென்சார் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறாக, ப்ளோவர் ஓடாததால் ஏசியே ஆன் ஆகாத வண்டிக்குக் கேஸ் நிரப்பிக் காசை விடுபவர்களும் உண்டு. ப்ளோவர் ஓடினால்தான் பல கார்களில் கம்ப்ரசர் பிடிக்கும்.

கடைசியாக, தட்டுவது. நின்ற மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினால் சில சமயம் ஓடும். மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்பதற்குப் பெரும்பாலும் அது அடையாளம். இப்போது மோட்டாரை மாற்றலாம், தாராளமாக. தட்டித் தட்டியே மாதக்கணக்கில் ஓட்டினால், ஊட்டி மலைப்பாதையில் மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது க்ளோவ் பாக்ஸைத் தட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.