மர வேலை மெஷினுக்கு மாற்று ஸ்க்ரூ: கழற்றியதை நம்பி வாங்காதீர்கள்

போன வருடம் எங்கள் பட்டறைக்குப் பழைய சர்ஃபேஸ் பிளானர் (பலகையைச் சீவிச் சமப்படுத்தும் மெஷின்) ஒன்று வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் செய்தது, முழுக்க வார்ப்பிரும்பு. வாங்கிய விலை மறந்துவிட்டது. ஏற்றி இறக்கிய கூலி மறக்கவில்லை. அதன் பின்மேசையைப் பிடித்திருந்த நான்கு போல்ட்களில் ஒன்றின் தலை மழுங்கியிருந்தது. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய், "இதே மாதிரி ஒன்று" என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு நட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு எட்டு எம்எம் போல்ட் எடுத்துக் கொடுத்தார். மெஷினில் அது மூன்று சுற்று கையாலேயே இறங்கியது. நான்காவதில் இறுகியது. துருவாக இருக்கும் என்று ஸ்பேனரைப் போட்டு ஒரு மிதி மிதித்தேன். கடக் என்று ஏதோ விட்டுக்கொடுத்தது. போல்ட்டை வெளியே எடுத்தால், துளையின் மரை (உட்சுவரில் சுற்றி ஓடும் திருகு வரி) கருப்பு ரவை மாதிரி உதிர்ந்து கூடவே வந்தது.

கடைக்காரர் மேல் தவறில்லை. மறுநாள் மற்ற மூன்றையும் கழற்றிப் பார்த்தேன். மூன்றும் இரண்டரை நூல், அதாவது 5/16 அங்குலம் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). நான் கடைக்குக் கொண்டுபோனது மட்டும்தான் எட்டு எம்எம். எனக்கு முன்னால் அந்த மெஷினை வைத்திருந்த யாரோ கைக்குக் கிடைத்ததைத் திணித்திருக்கிறார். அது முழுதாக இறங்காததால் தலைக்கடியில் மூன்று வாஷரை அடுக்கிச் சரிக்கட்டியிருக்கிறார். அந்த வாஷர்களை நானும் பார்த்தேன். ஏன் மூன்று என்றுதான் யோசிக்கவில்லை. கைமாறி வந்த மெஷினில் பொருத்தம் பார்க்க வேண்டியது துளைக்கு. அதிலிருந்து வெளியே வந்த ஸ்க்ரூ முந்தைய ஆளின் அவசரத்துக்குச் சாட்சியாக இருக்கலாம், அவ்வளவுதான்.

இந்த இரண்டும் குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. எட்டு எம்எம் போல்ட்டை வெர்னியரில் பிடித்தாலும் முழு எட்டு காட்டாது. எட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். ஆகவே விட்டத்தை மட்டும் அளந்து முடிவெடுப்பது முதல் தவறு. வித்தியாசம் பிட்ச்சில், அதாவது மரைகளின் இடைவெளியில் இருக்கிறது. இரண்டரை நூலில் ஓர் அங்குலத்துக்கு 18 மரை; ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.41 மி.மீ. எட்டு எம்எம்மில் அது 1.25. சுற்றுக்குச் சுற்று இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போய் மரையோடு மரை மோதி நின்றுவிடும்.

மரை இடைவெளி பார்க்கும் திரெட் கேஜ் இல்லாவிட்டாலும் கவலையில்லை. பத்து மரை இடைவெளியைச் சாதாரண ஸ்கேலில் அளந்தால் போதும். எட்டு எம்எம் என்றால் 12.5 மி.மீ. வரும், இரண்டரை நூல் என்றால் 14.1. அதேபோல் ஆறு எம்எம்முக்கு 10, இரண்டு நூலுக்கு 12.7, பத்து எம்எம்முக்கு 15, மூன்று நூலுக்கு ஏறக்குறைய 15.9. தேய்ந்த நுனியில் அளக்காமல் தலைக்குப் பக்கத்தில் அளவெடுங்கள்.

நம்பும்படியான ஸ்க்ரூவே கையில் இல்லையென்றால்? அதே வார்ப்பில் யாரும் கை வைக்காத வேறொரு துளை இருக்கும்; பெயின்ட் உடையாத போல்ட்டாகப் பார்த்துக் கழற்றுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் நம் பட்டறையில் குறையாத சரக்கு மரம்தான். மென்மையான மரத்தில் துளையைவிட ஒரு மயிரிழை பருமனாகக் குச்சி சீவி, துளையில் அழுத்தித் திருகி, திருகியே வெளியே எடுங்கள். மரையின் தடம் குச்சியில் பதிந்திருக்கும். அதை ஸ்கேலில் வைத்து எண்ணலாம். புது ஸ்க்ரூ வாங்கிய பிறகு சோதனை ஒன்றுதான்: துளையைச் சுத்தம் செய்து, வெறும் விரலால் ஐந்தாறு சுற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

ஸ்பேனரை வைத்து அளவை ஊகிப்பது இன்னொரு பொறி. அமெரிக்க அளவில் வரும் 5/16 போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் கிட்டத்தட்ட சரியாகவே உட்காரும். எட்டு எம்எம் போல்ட்டுக்கும் 13 ஸ்பேனர்தான் என்பதால் "அப்போ இதுவும் எட்டு" என்று மனம் முடிவுகட்டிவிடும். ஆலன் கீயிலும் இதே கதை. ஆறு எம்எம் கீ கால் அங்குலக் குழியில் லொடலொடவென்று ஆடும்; ஆடுகிறது என்றால் அளவு தப்பு. இரண்டு முறை அழுத்தித் திருப்பினால் குழி வட்டமாகிவிடும்.

பழைய இங்கிலாந்து மெஷின்களில் இருப்பது 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரை; அதன் கோணம் 55 பாகை. அமெரிக்க அங்குல மரையும் மெட்ரிக் மரையும் 60 பாகை. இரண்டு, இரண்டரை, மூன்று நூல் அளவுகளில் விட்வொர்த்துக்கும் அமெரிக்கச் சாதா மரைக்கும் அங்குலத்துக்கான எண்ணிக்கை ஒன்றே. அதனால் ஒன்றில் மற்றொன்று ஏறும். மேல்மூடியைப் பிடிக்கிற இடத்தில் அதை மன்னிக்கலாம், சுழலும் இடத்தில் நான் மன்னிக்க மாட்டேன். அரை அங்குலத்தில் 12-க்கும் 13-க்கும் சண்டை, ஏறவே ஏறாது. ஒரே மெஷினில் ஒரே முறைதான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். உடல் அங்குலத்திலும், பின்னாளில் மாற்றிய மோட்டார் மெட்ரிக்கிலும் இருப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம்.

நீளத்தைப் பலர் சட்டை செய்வதில்லை. அடிமூடிய துளையில் ஸ்க்ரூ நீளமாக இருந்தால் நுனி அடியில் போய் முட்டும். கைக்கு இறுகியது போலத் தெரியும், ஆனால் பிடிக்க வேண்டிய பாகம் ஆடிக்கொண்டிருக்கும். கையில் பிடிக்கும் மின்கருவிகளில் இது ஆபத்தாகவே முடியலாம். நீண்ட ஸ்க்ரூவின் நுனி உள்ளே மோட்டார் சுருளைத் தொட்டால் ஷாக் அடிக்கலாம். குட்டையாக இருந்தால் வேறு தொல்லை. வார்ப்பிரும்பில் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது மரை பிடித்திருக்க வேண்டும். கடையில் நீளம் சொல்லும்போது, பதிதலை ஸ்க்ரூவை (தலை மேற்பரப்போடு சமமாகப் பதியும் ரகம்) தலையையும் சேர்த்தும், மற்ற ஸ்க்ரூக்களைத் தலைக்கடியிலிருந்தும் அளந்து சொல்லுங்கள்.

பளபளப்பைப் பார்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மயங்குவதும் உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம், தலையில் 8.8 என்ற வலு எண் அடித்த போல்ட்டைவிட வலு குறைந்தது. தலையில் எந்த எண்ணும் இல்லாத போல்ட் இன்னும் கீழே. முதலில் இருந்ததன் தலையில் 8.8 என்றிருந்தால் 8.8, 12.9 என்றிருந்தால் 12.9. அதற்காக எல்லா இடத்திலும் 12.9 போட்டு முறுக்கக் கூடாது; போல்ட் தாங்கும், வார்ப்பிரும்பு மரை தாங்காது.

கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) வாங்கும்போது நுனியைப் பாருங்கள். கிண்ண நுனி, தட்டை நுனி, கூம்பு நுனி, முளை நுனி என்று பல உண்டு. பல ட்ரில்லிங் மெஷின்களில் ஸ்பிண்டில் குழாய் சுழலாமல் ஏறி இறங்க, அதன் பள்ளத்துக்குள் முளை நுனி ஸ்க்ரூ ஒன்று ஓடும். அங்கே கிண்ண நுனியைப் போட்டால் பள்ளத்தைச் சுரண்டி எடுத்துவிடும்.

கழலவே இல்லை என்று ஸ்பேனரில் குழாய் மாட்டி மிதிப்பதற்கு முன், அது இடது மரையா, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழல்வதா என்று பாருங்கள். பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்கச் சக்கர நட் அப்படித்தான் இருக்கும். வட்ட ரம்பத்தில், ரம்பம் சுழலும் திசையிலேயே நட் கழலும் என்பது பொதுவாகப் பலிக்கும் கணக்கு.

இனி ஒரே ஓர் இடம். பிளானரின் கட்டர் பிளாக்கில் பிளேடைப் பிடிக்கும் ஸ்க்ரூ. அந்த உருளை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. ஒரு ஸ்க்ரூ நழுவினால் பிளேடு எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே "இதே மாதிரி" கிடையாது, லேத்தில் கடைந்து தருவதும் கிடையாது. தயாரித்தவர் சொன்ன ஸ்க்ரூதான். ஒன்று கெட்டாலும் முழு செட்டையும் மாற்றிவிடுகிறேன். கிடைக்கும் வரை மெஷின் சும்மா கிடக்கட்டும்.

நான் கெடுத்த துளைக்கு வருகிறேன். அதை 8 எம்எம் ட்ரில்லால் பெருக்கி, மூன்று நூல் டேப் (துளையில் மரை வெட்டும் கருவி) ஓட்டி, மேசைத் துளையையும் 10 எம்எம்முக்கு விரித்துப் போல்ட் போட்டேன். இப்போது மூன்று இடத்தில் இரண்டரை நூல், ஓர் இடத்தில் மூன்று நூல். அந்தத் துளைக்குப் பக்கத்தில் எண் பஞ்ச்சால் 3/8 என்று அடித்து, சுற்றிலும் சிவப்புப் பெயின்ட் பூசியிருக்கிறேன். அடுத்து இந்த மெஷினை வாங்கப்போகிறவர் ஹார்டுவேர் கடைக்கு எந்தப் போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவாரோ.