மலைக்குளிரில் வெந்நீர்: இதம் தேடும்போது நேரும் தவறுகள்

மார்கழி, தை மாதங்களில் உதகைப் பக்கம் விடியற்காலைப் புல்வெளியில் உறைபனி உப்பைத் தூவியதுபோல் படிந்திருக்கும். அந்தக் குளிரில் கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட் தோட்டத்திலோ, பழனி மலையில் பூம்பாறையின் பூண்டு வயலிலோ நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கு ஒரு பக்கெட் வெந்நீர் தருகிற இதம் சொல்லி முடியாது. நானும் அந்த வெந்நீரை நம்பி வாழ்கிறவள்தான். ஆனால் எங்கள் மலை வீடுகளில் தண்ணீரால் வருகிற தீங்குகளைக் கவனித்தால், பெரும்பாலும் இரண்டு பழக்கங்களிலிருந்தே அவை பிறக்கின்றன: போதவில்லை, போதவில்லை என்று சூட்டைக் கூட்டிக்கொண்டே போவது ஒன்று, குளிர் புகாதபடி கதவையும் சன்னலையும் இறுகச் சாத்திக்கொள்வது மற்றொன்று.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு தை மாத இரவில், பாதம் சில்லிட்டுக் கிடக்கிறது என்று பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் விட்டுக் காலை ஊறப்போட்டார். குளிர்ந்த அறையில் பேசின் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் காலை எடுக்கச் சொல்லாமலேயே கெட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். "சுடுதாப்பா?" என்று கேட்டபோதெல்லாம் "இதமா இருக்கும்மா" என்றே சொன்னார். மறுநாள் காலையில் கம்பளிக் காலுறையைக் கழற்றியபோது அது சுண்டுவிரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கொப்புளம் உடைந்திருந்தது, அவருக்கு வலியே தெரிந்திருக்கவில்லை. அந்தப் புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

நான் செய்த தவறு, சூட்டைக் காலிடமே கேட்டதுதான். நெடுநாள் சர்க்கரை நோயால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. நோயில்லாதவரின் தோலும்கூட, வெந்நீரில் சில நிமிடங்கள் இருந்தபின் அந்தச் சூட்டுக்குப் பழகிவிட்டு இன்னும் வேண்டும் என்றே சொல்லும். சர்க்கரை நோயாளிகள் காலை ஊறவைப்பதையே தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குவரை துடைத்துக் காலுறை போட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்கள் ஊறவைக்கும்போது தண்ணீர் ஆறினால், காலை வெளியே எடுத்து, வெந்நீர் விட்டுக் கலக்கி, முழங்கையால் தொட்டுப் பார்த்தபிறகே மீண்டும் வைக்க வேண்டும். பனியில் நனைந்து விறைத்த காலை நேராகக் கொதிக்கிற நீரில் வைப்பதும் கூடாது. திடீர்ச் சூட்டில் விரல்கள் சிவந்து வீங்கி, இரவெல்லாம் அரிப்பெடுக்கும். முதலில் துடைத்து உலர்த்தி, கம்பளியில் சுற்றி, மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும்.

குளியலுக்கு 40 பாகை செல்சியஸ் அளவு போதும். 60 பாகை நீர் ஐந்தே நொடிகளில் பெரியவர்களின் தோலையே ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகளின் தோல் அதற்கும் தாங்காது. உதகை உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால் மலையில் கொதிநீர் அவ்வளவாகச் சுடாது என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த ஏழு பாகைக் குறைவு தோலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. விளாவுகிற வரிசையும் முக்கியம். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, அதன்மேல் வெந்நீரை ஊற்ற வேண்டும். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்புகிற அந்தக் கணத்தில்தான் குழந்தை பக்கெட்டுக்குள் கையை விடும்.

இனிச் சொல்லப்போவதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசரைப் பொருத்துவது உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. மூடிய அறையில் எரிவாயு எரிய எரிய ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கால் துவளுதல், தூக்கம் போன்ற மயக்கம் என்று அது வருவதால், குளித்த அலுப்பு என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் இருக்க வேண்டும். அதன் புகை குழாய்வழியாக வீட்டுக்கு வெளியே போக வேண்டும். குளித்து வந்தபின் ஈரத்தலையை உலர்த்தப் படுக்கையறையில் கரியடுப்பைக் கனலவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதும் இதே ஆபத்துதான். புகை அடங்கிய தணலிலிருந்தும் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும். குளியலறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு சன்னல்களைத் திறந்து, கீசரின் எரிவாயுவை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108ஐ அழைக்க வேண்டும். சன்னல் வழியாக வருகிற குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தண்ணீரைச் சூடாக்கப் பக்கெட்டில் போடுகிற மின்கம்பியை (வாட்டர் ஹீட்டர்) பொறுத்தவரை ஒன்றே ஒன்று: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

சளி பிடித்தால் ஆவி பிடிப்பது எல்லா வீட்டிலும் உண்டு. நீலகிரித் தைலத்தின் ஊரிலிருந்து எழுதுவதால் இதை அழுத்தியே சொல்கிறேன். மடியில் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்துப் போர்வையால் மூடிக்கொள்வது, குறிப்பாகக் குழந்தையை அப்படி உட்காரவைப்பது, பெரும் தீக்காயத்தில் முடியக்கூடும். பாத்திரம் மேசைமேல் அசையாமல் இருக்கட்டும். சிறு குழந்தைக்கு ஆவியே வேண்டாம். தைலம் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும் என்பதால், குளிக்கிற நீரில் அதை விட்டால் அப்படியே தோலில் ஒட்டி எரிச்சல் தரும். குழந்தை அதைச் சில மில்லி விழுங்கினாலே வலிப்பு வரலாம்; சீசாவை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

நல்ல உறக்கத்துக்காகக் குளிக்கிறவர்கள் படுக்கப்போகிற நேரத்தில் குளிப்பது இன்னொரு தவறு. வெந்நீர் கைகால்களின் இரத்தக் குழாய்களை விரிக்க, உடலின் உட்சூடு அவற்றின் வழியாக வெளியேறித் தணிகிறது. அந்தத் தணிவுதான் உறக்கத்தை அழைத்துவருகிறது. டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, 40 முதல் 43 பாகைக்குள், 10 நிமிடம் குளித்தாலே உறக்கம் விரைவில் வருவது தெரிந்தது. நேரத்தை நீட்டினால் மலைக்காற்றில் ஏற்கெனவே வறண்ட தோல் மேலும் வெடிக்கும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் நெடுநேரம் உட்கார்ந்து குளித்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழவும் கூடும்.

குளிர்ந்த நீரில் குளிப்பது வைராக்கியம் என்று இளைஞர்கள் பனிக்காலக் குழாய்நீரைத் தலையில் கொட்டிக்கொள்கிறார்கள். திடீர்க் குளிர்நீர் மூச்சைத் திணறடித்து, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றும். இதய நோய் உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. 19ஆம் நூற்றாண்டில் நீர் மருத்துவத்தைப் பரப்பிய ஜெர்மானியப் பாதிரியார் செபாஸ்டியன் நைப், குளிர்ந்த உடம்பில் குளிர்நீர் படக்கூடாது என்பதை விதியாகவே வைத்திருந்தார். நடந்தோ வேலை செய்தோ உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பாதத்தில் தொடங்கி மேலே வருவதே முறை.

எண்ணெய்க் குளியலுக்கு மலையில் நல்லெண்ணெய் எளிது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்த பாட்டிலை அடுப்பருகே வைக்காமல், வெதுவெதுப்பான நீருள்ள சொம்பில் நிறுத்தினால் சில நிமிடங்களில் இளகும்.

குளிரில் தாகம் தெரியாது என்பதால் பலர் நாள் முழுக்கத் தேநீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாலையில் வருகிற தலைவலிக்கு அதுவும் ஒரு காரணமாகிறது. ஊற்றுநீரையோ ஓடைநீரையோ குடிப்பவர்கள் கொதி வந்தவுடன் இறக்கிவிடக் கூடாது. உதகை, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலான ஊர்களில் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்துச் சற்றே ஆறவிட்டுப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டால், காலையில் எழுந்ததும் குடிக்க வெதுவெதுப்பான நீர் கையருகே இருக்கும்.