விற்றது வேறு, கேட்டது வேறு: சரக்குக் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பொருள் நாளுக்குப் பத்து வீதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 300 வேண்டும். ஏதோ காரணத்தால் 210தான் வந்து சேர்ந்தது. 21ஆம் நாளோடு தீர்ந்துபோனது; மீதி ஒன்பது நாளும் கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மாதக் கடைசியில் கணிப்பு சாஃப்ட்வேர் விற்பனையைக் கூட்டுகிறது: 210. அடுத்த மாதக் கணிப்பும் 210. அதை நம்பி 210 வாங்குகிறோம், அதுவும் 21ஆம் நாளில் காலி. இப்போது ரிப்போர்ட்டைத் திறந்தால் கணிப்பு 210, விற்பனை 210, துல்லியம் நூற்றுக்கு நூறு! மாதம் தவறாமல் 90 கைநழுவிப் போவது அந்த ரிப்போர்ட்டில் எந்த மூலையிலும் இருக்காது.

நான் பார்த்தவரை அதிகமாக நடக்கிற தவறு இதுதான்: விற்றதையே தேவை என்று எடுத்துக்கொள்வது. சாஃப்ட்வேர் மேல் குற்றமில்லை, கொடுத்த எண்ணுக்குச் சரியாகவே கணக்குப் போட்டது. ஸ்டாக் இல்லாத நாட்களை ஒதுக்கிவிட்டு, 210ஐ 30ஆல் வகுக்காமல் 21ஆல் வகுத்திருந்தால் பத்து என்று வந்திருக்கும். ஆனால் அதற்கு விற்பனைப் பட்டியல் மட்டும் போதாது, தினசரிக் கையிருப்புப் பதிவும் வேண்டும். இன்றைக்கு ஸ்டாக் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். போன மாதம் 22ஆம் தேதி எவ்வளவு இருந்தது என்று கேட்டால் பலர் கையை விரிப்பார்கள். தினம் ராத்திரி அந்த ஒரு எண்ணைச் சேமித்து வைப்பது, புது சாஃப்ட்வேர் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு.

இதே குழப்பம், கடையிலிருந்து தொழிற்சாலை வரை நீளும் விநியோகச் சங்கிலியில் மேலே போகப் போகப் பெருகுகிறது. தொழிற்சாலைக்குக் கடைசி வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை. மொத்த வியாபாரியின் ஆர்டர்தான் தெரியும். அந்த ஆர்டரில் கொஞ்சம் தேவை, கொஞ்சம் பயம், கொஞ்சம் தள்ளுபடி ஆசை எல்லாம் கலந்திருக்கும். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் தன் பேம்பர்ஸ் டயப்பரில் இதைக் கவனித்தது. குழந்தைகள் ஏறக்குறைய ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கின்றன, ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர் மட்டும் ஏறி இறங்கி ஆடியது. அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் 1961இலேயே எழுதிய விஷயம் இது. இப்போது புல்விப் எஃபெக்ட் என்கிறார்கள், சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி சுழன்று அடிப்பதுபோல. தட்டுப்பாட்டுக் காலத்தில் இன்னும் மோசம். பத்து கேட்டால் ஐந்துதான் தருவார்கள் என்று தெரிந்தால் யாரும் இருபது கேட்கத்தான் செய்வார்கள். 2001இல் நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ 200 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதியது. அதற்கு முன் குவிந்திருந்த ஆர்டர்களில் இப்படி ஒன்றுக்கு இரண்டாகப் போட்டவையும் கலந்திருந்தன. முடிந்தால் கீழ்மட்ட விற்பனை விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், ஆர்டர் திடீரென்று ஏறும் மாதத்தில் போனை எடுத்து ஏன் என்று கேளுங்கள். இந்த வேலையை எந்த அல்காரிதமும் உங்களுக்காகச் செய்யாது.

சரி, கணிப்பை விடுவோம். லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேர ஆகும் நாட்கள்) என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை உங்கள் சிஸ்டத்தில் கடைசியாக யார் திருத்தினார்கள்? ஓர் இடத்தில் ஆயிரக்கணக்கான பொருட்களுக்கும் ஒரே லீட் டைம் போட்டிருந்ததைப் பார்த்தேன்: 7 நாள். விசாரித்ததில், அது டேட்டா ஏற்றும் டெம்ப்ளேட்டில் உதாரணத்துக்காக எழுதி வைத்திருந்த எண் என்று தெரிந்தது. யாரும் மாற்றவேயில்லை.

லீட் டைம் சரியாக இருந்தாலும், அதன் ஏற்ற இறக்கத்தை மறந்தால் சேஃப்டி ஸ்டாக், அதாவது தட்டுப்பாடு வராமலிருக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு, பொய்யாகிவிடும். கணக்கைப் பாருங்கள். தினத் தேவை சராசரி 100, அதன் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 20, சரக்கு வர 10 நாள், நூறு தடவையில் 95 தடவையாவது தட்டுப்பாடு வரக் கூடாது. சரக்கு சரியாகப் பத்தாவது நாள் வந்துவிடும் என்று நம்பினால் சேஃப்டி ஸ்டாக் சுமார் 104 போதும். வரும் நாள் முன்பின் ஆகி, அதன் திட்ட விலக்கம் 3 நாள் என்றால் அதே கணக்கு சுமார் 504 கேட்கிறது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! கணிப்பு மாடலை மாற்றி இந்த இடைவெளியை மூட முடியாது, ஏனென்றால் பிரச்சினை தேவையில் இல்லை, லாரியிலும் கப்பலிலும் இருக்கிறது. கொள்முதல் ஆர்டர் போட்ட தேதியும் சரக்கு இறங்கிய தேதியும் எல்லா சிஸ்டத்திலும் இருக்கும். இரண்டையும் கழித்துப் பார்க்க ஒரு எக்ஸெல் ஷீட் போதும்.

அப்புறம், கணிப்பு எவ்வளவு சரி என்று அளக்கும் அளவுகோல். சதவீதப் பிழையின் சராசரியைத்தான் பலரும் துல்லியம் என்கிறார்கள். தேவை பூஜ்யமாக இருக்கும் வாரத்தில் அதைக் கணக்கிடவே முடியாது. குறைத்துக் கணித்தால் பிழை 100 சதவீதத்தைத் தாண்டாது, கூட்டிக் கணித்தால் எல்லையே இல்லை. ஆகவே அந்த எண்ணைப் பார்த்தே மாடலைத் தேர்ந்தெடுக்கும் சாஃப்ட்வேர் சத்தமில்லாமல் குறைவான கணிப்பின் பக்கம் சாயும். இப்படிப் பூஜ்ய வாரங்கள் நிறைந்த, எப்போதாவது விற்கும் உதிரி பாகங்களுக்கு 1972இல் வந்த க்ராஸ்டன் என்ற கணிப்பு முறையும் அதைத் திருத்தி வந்தவையும் இருக்கின்றன.

எந்தப் புது மாடலையும் வாங்குவதற்கு முன் ஓர் எளிய முறையோடு மோதவிட்டுப் பாருங்கள். 2020இல் வால்மார்ட் விற்பனை விவரத்தை வைத்து எம்5 என்ற கணிப்புப் போட்டி நடந்தது. ஜெயித்தது மெஷின் லேர்னிங்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒப்பிடுவதற்காக வைத்திருந்த பழைய எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூத்திங் முறையை (அண்மைக்கால விற்பனைக்கு அதிக எடை கொடுக்கும் எளிய சராசரி)ப் பங்கேற்ற அணிகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை. விற்க வருபவர் காட்டும் டெமோவில் இந்த ஒப்பீடு இருக்காது, நாம்தான் கேட்க வேண்டும்.

சாஃப்ட்வேரை நிறுவும்போது நடக்கும் தவறுகளுக்குப் பெரிய பெயர்களே சாட்சி. சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி, நான்கு வருடம் தேவை என்று சொல்லப்பட்ட வேலையை முப்பது மாதத்தில் முடிக்க நினைத்து 1999 ஜூலையில் புது சிஸ்டத்துக்கு மாறியது. ஹாலோவீன் ஆர்டர்கள் குவிகிற நேரம் அது. கிடங்கில் மிட்டாய் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. சீசன் தலைமேல் இருக்கும்போது கோ-லைவ், அதாவது புது சிஸ்டத்துக்கு மாறுவது, வேண்டாம். அமெரிக்கக் கடைச் சங்கிலியான டார்கெட் 2013இல் கனடாவில் கடை திறந்தபோது நடந்தது வேறு மாதிரி. பல்லாயிரம் பொருட்களின் விவரத்தை அவசர அவசரமாகக் கையால் ஏற்றினார்கள். சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம். கிடங்குகள் பிதுங்கின, கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. 2015இல் 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். அந்தத் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் மாஸ்டர் டேட்டாவை (பொருட்களின் அடிப்படை விவரத்தை) ஏனோதானோ என்று ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, நம் கை. சிஸ்டம் 480 என்று சொன்னால் அதை 500 ஆக்காவிட்டால் சிலருக்குத் தூக்கம் வராது. நான்கு நிறுவனங்களின் 60,000க்கும் மேற்பட்ட கணிப்புகளை ஆராய்ந்து கணிப்பு ஆய்வாளர் ஃபில்டெஸும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரைப்படி, இப்படிப்பட்ட சின்னத் திருத்தங்கள் பெரும்பாலும் பலன் தரவில்லை. பெரிய திருத்தங்கள், அதிலும் கணிப்பைக் குறைத்தவை, ஓரளவு உதவின. திருத்தவே கூடாது என்று சொல்ல மாட்டேன்; சலுகை விலை வரப்போவதோ, ஒரு பெரிய வாடிக்கையாளர் விலகுவதோ சிஸ்டத்துக்குத் தெரியாது. ஆனால் திருத்தும்போது பழைய எண், புது எண், யார், ஏன் என்று நான்கையும் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து விற்பனையோடு ஒப்பிட்டால், யாருடைய திருத்தம் பலித்தது, யாருடையது வெறும் உள்ளுணர்வு என்று பெயரோடு தெரிந்துவிடும்.